கோஸ்டா பிளாங்கா: பிள்ளைகளோடு கடலுக்குப் போகிறவர்களின் கேள்விகள்

*ஸ்பெயினில் கூட்டமில்லாத நல்ல பீச் ஒன்று சொல்லுங்கள்.*

தீவுகளையும் சேர்த்தால் ஸ்பெயினுக்குக் கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் கடற்கரை. எந்த மாதம், எங்கே தங்குகிறீர்கள், பிள்ளைகளுக்கு என்ன வயது, ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எதைச் சொல்வது? சரி, ஸ்பெயினின் தென்கிழக்கே கோஸ்டா பிளாங்கா கரையில் இருக்கிற அலிகாந்தேயில் இறங்குவதாக வைத்துக்கொள்கிறேன். தெற்கே குவார்தமாருக்குப் போங்கள். நீண்ட மணல், பின்னால் மணல்மேடு, அதற்கும் பின்னால் பைன் காடு. ஊரை மணல் மூடிக்கொண்டே வந்ததால் நூறு வருடத்துக்கு முன்பு நட்டு வளர்த்த காடு அது. ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடந்தாலே கூட்டம் குறைந்துவிடும்.

*மூன்று வயதுக் குழந்தை. ஆழமில்லாத இடம் வேண்டும்.*

சாந்தா போலாவில் பிளாயா லிசா. இல்லையென்றால் டெனியாவுக்கு வடக்கே லெஸ் மரினாஸ். ‘டெனியா, கடலுக்கு அருகில்’ என்று மட்டும் பார்த்து அறை எடுத்துவிடாதீர்கள், ஊருக்குத் தெற்கே லெஸ் ரோதெஸ் முழுக்கப் பாறை. ஆழமில்லை என்று குழந்தையைத் தனியாக விடவும் கூடாது. முதலில் கரையில் பறக்கிற எச்சரிக்கைக் கொடியைப் பாருங்கள். மஞ்சள் என்றால் குழந்தைக்குக் கரையோடு சரி, சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது.

*அல்டேயாவில் மணல் வீடு கட்டலாமா?*

அங்கே பெரும்பாலும் கூழாங்கல். ஹாபியா ஊரின் கிரனடேயா கரையும் அப்படித்தான். ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள்.

*போன வருடம் போனபோது கரை முழுக்க அழுகின பாசி. நகராட்சி ஏன் அள்ளுவதில்லை? சுத்தமான பீச்சாகச் சொல்லுங்கள்.*

இந்தக் கடிதம் வேறு வேறு ஊர்ப் பெயரோடு திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது பாசியே இல்லை, பொசிடோனியா என்ற கடற்புல். வேர், இலை, பூ, காய் எல்லாம் உண்டு, மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் வளர்வதில்லை. நீங்கள் படம் எடுத்துப் போடுகிற அந்தக் கண்ணாடித் தண்ணீர் இருக்கிறதே, அதற்கு இந்தப் புல்வெளி ஒரு முக்கியக் காரணம், மிதக்கிற தூசியைத் தன் இலைகளுக்குள் படியவைத்து அடியில் இருக்கிற மணலையும் பிடித்து வைக்கிறது. மீன்குஞ்சுகள் வளர்வதும் அதற்குள்தான். இலையுதிர் காலத்தில் உதிரும் இலை கரையில் மெத்தையாகக் குவிந்து, குளிர்காலத்துப் பேரலை வரும்போது அடியை அதுதான் வாங்கிக்கொள்கிறது. இயந்திரம் விட்டு வாரினால் இலையோடு மணலும் போய்விடும், அப்புறம் கரை குறுகிவிட்டது என்று வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்ட வேண்டும். வாடை அடிக்கும்தான், ஆனால் அது சாக்கடை வாடை இல்லை. பிள்ளைகளிடம் அந்த நாரெல்லாம் சுருண்டு கிடக்கிற பழுப்பு உருண்டைகளைக் காட்டுங்கள், ஆசையாகப் பொறுக்குவார்கள். படகு வாடகைக்கு எடுத்தால் புல்லின் மேல் நங்கூரம் போடவே போடாதீர்கள். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் படர்கிற செடி அது, ஒருமுறை பிய்த்தால் அந்த இடம் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை வெறுமையாகவே கிடக்கும்.

*ஜெல்லிமீன் கொட்டினால் வினிகர் போடலாமா?*

இந்தக் கடலில் வேண்டாம். கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலையோ துண்டையோ வைத்துத் தேய்க்காதீர்கள். மூச்சு திணறினால் உடனே அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள். ஜெல்லிமீன் படம் போட்ட கொடியும் உண்டு, அதனால்தான் கொடியைப் பாருங்கள் என்கிறேன்.

*12 மணிக்கு மதிய உணவு கிடைக்குமா?*

பல உணவகங்களில் சமையலே ஒன்றரைக்குத்தான் தொடங்கும். ரொட்டியும் பழமும் கையில் இருக்கட்டும்.

*எங்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு.*

அப்படியென்றால் 9 மணிக்கே போய் 12க்குத் திரும்பிவிடுங்கள், வெயிலுக்கும் அதுதான் நல்லது. விடியற்காலையில் குடையை மட்டும் நட்டு இடம் பிடிக்காதீர்கள், சில ஊர்களில் அதற்கு அபராதம் உண்டு. அலிகாந்தேக்கு அருகில் இருக்கிற தபார்கா தீவு 1986 முதல் கடல் காப்பகம், ஸ்பெயினிலேயே முதலாவது, தண்ணீர் அவ்வளவு அழகு. ஆனால் ஆகஸ்ட் பகலில் அந்தச் சின்னத் தீவில் நிற்க இடம் இருக்காது. முதல் படகில் போக முடியாது என்றால் ஜூனுக்குத் தள்ளிப்போடுங்கள்.

*மே மாதம் கடல் குளிருமா?*

குளிரும், 18, 19 டிகிரிதான். ஜூன் பாதிக்கு மேல் அல்லது செப்டம்பரில் போங்கள். அக்டோபர் தொடக்கத்திலும் 22 டிகிரிக்குக் குறையாது. ஆனால் அப்போது பல கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருக்க மாட்டார்கள், கொடியும் இருக்காது, அலை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாலும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.