சேலத்தில் முதல் முறையாக வீடு கட்டுகிறோம், வீட்டுக்காரராக நேரில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

கன்னங்குறிச்சிப் பக்கம் இரண்டே முக்கால் சென்ட் மனை, கணவருக்கு வெளியூரில் வேலை, மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்ட் பேசியாகிவிட்டது, தினமும் போய் நிற்கப்போவது நான்தான், எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடத்துக்கு முன்பு நானும் இதே நிலையில்தான் அழகாபுரத்தில் வீடு கட்டினேன். என் கணவர் ஓசூரில் இருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்கு மனைக்குப் போனால் சாயங்காலம் சித்தாள்கள் கை கால் கழுவும்வரை அங்கேதான் இருப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தண்ணீரைப் பாருங்கள். கம்பியைப் பார், சிமெண்டைப் பார் என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கட்டி முடித்துக் குடிபோன பிறகு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை, தண்ணீர் கூடிப்போனதால், குறைந்துபோனதால், அல்லது போகக்கூடாத இடத்துக்குப் போனதால் வருபவை.

அதற்கு முன் ஒன்று. மேஸ்திரி எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், பில்லர், பீம், ரூஃப் கம்பி வரைபடத்தை ஒரு கட்டடப் பொறியாளரிடம் போட்டு வாங்கிவிடுங்கள். பிளான் அனுமதி இப்போது முன்பு போல் அலைச்சல் இல்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கொடுக்கிறார்கள். உங்கள் மனை அதற்குள் வந்துவிடும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் போர்ட்டிகோவுக்குத்தான் கான்கிரீட் போட்டார்கள். மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு டிரம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி. அளவு என்று எதுவும் இல்லை. மிக்சர் ஓட்டுகிறவர் உள்ளே எட்டிப் பார்ப்பார், கெட்டியாகத் தெரிந்தால் இன்னும் அரை வாளி ஊற்றுவார். சட்டியிலிருந்து கவிழ்த்ததும் கலவை தகட்டின் மேல் தானாக ஓடியது. வேலை சீக்கிரம் முடிகிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் வருடம் ஐப்பசி மழையில் போர்ட்டிகோ அடியில் ஓர் ஈரத் திட்டு வந்தது. போன வருடம் அதே இடத்தில் பூச்சு உப்பிக்கொண்டது. தட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே கம்பி செம்பழுப்பாகத் துருவேறி நிற்கிறது.

ஏன் இப்படி ஆனது என்று பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிமெண்ட் இறுகுவதற்கு அதன் எடையில் கால் பங்கை ஒட்டிய தண்ணீர் இருந்தாலே போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவையைக் கையாள எளிதாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நின்றுவிடும். அந்தத் துளைகள் வழியாக மழை உள்ளே இறங்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக்கொண்டு தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும்.

ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவைக்கு, 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். 30-ஐத் தாண்டவே விடாதீர்கள். எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், ஈரமாக வந்து இறங்கியிருந்தால் அந்த ஈரமும் கணக்கில் சேரும், அன்று இன்னும் குறைக்க வேண்டும். வீட்டு ரூஃபுக்கு வந்தபோது, 10 லிட்டருக்குக் கோடு போட்ட பெயிண்ட் வாளி இரண்டும் 5 லிட்டர் கேன் ஒன்றும் கொண்டுபோய் வைத்தேன். மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. “தண்ணி கம்மி பண்ணா ஆளுங்களுக்குக் கை ஓடாதுங்க்கா” என்றார். “வைப்ரேட்டர் வாடகை நான் தர்றேண்ணா, தண்ணி மட்டும் இந்த அளவுதான்” என்றேன். பேச்சு நீண்டபோது கூட வந்திருந்த வயதான கொத்தனார்தான் முடித்துவைத்தார். “அம்மா கேக்கறது களிப் பதம். நாம ஊத்திட்டு இருந்தது கூழுப் பதம். அவ்வளவுதானப்பா.” அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கொட்டினால் களி மாதிரி குவிந்து உட்கார வேண்டும், கூழ் மாதிரி ஓடக்கூடாது. மூலை முடுக்கெல்லாம் இறங்குவதற்குக் கலவையை அதிரவைக்கும் வைப்ரேட்டர் இருக்கிறது. அந்த ரூஃபில் இன்றுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை.

இது கூடிப்போகும் கதை. குறைந்துபோகும் கதை மறுநாள் காலையிலிருந்து ஆரம்பிக்கும். கலவையில் கஞ்சத்தனமாக ஊற்றிய தண்ணீரை, கான்கிரீட் இறுகியதும் தாராளமாக ஊற்ற வேண்டும். சேலத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் இதை மேஸ்திரியின் ஆட்களை நம்பி விடக்கூடாது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள், நம் ஊர் வெயிலுக்கு அதையே 14 நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ரூஃபுக்குப் பாத்தி கட்டி நிறுத்திவிடலாம். சிக்கல் பில்லரில்தான். அதில் தண்ணீர் நிற்காது, ஊற்றிய கால் மணி நேரத்தில் வெளுத்துவிடும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் பழைய கோணிச் சாக்கு வாங்கிவந்து பில்லர்களைச் சுற்றிக் கட்டி, காலை, மதியம், மாலை நனைத்தேன். பணம் பெரிதாக ஆகவில்லை. இன்னொன்று, கான்கிரீட் போட மே மாத மதியத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விடியற்காலையில் ஆரம்பித்தால் உச்சி வெயிலுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடுமையான உப்பு. வாயில் வைத்தாலே தெரிகிற அளவுக்குக் கரித்தால் அதைக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் முன் சோதித்துப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் குளோரைடு எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வேலைக்கு மட்டும் லாரித் தண்ணீர் வாங்குவது பிற்பாடு வரும் செலவை விடக் குறைவு.

நான் பிறந்து வளர்ந்தது அம்மாப்பேட்டையில், தறி வீட்டில். கருங்கல் கடைக்கால், அதற்கு மேல் செங்கல் சுவர், நடுவில் ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. மழைக்காலம் வந்தால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறும். சுண்ணாம்பு பொரிந்து கொட்டும். குழித்தறியில் கால் வைக்கும் இடம் சில்லென்று இருக்கும். அப்பா ஓதம் ஏறிய சுவர்ப் பக்கம் பாவு படாமல் பழைய சாக்கை மடித்துத் தொங்கவிட்டிருப்பார், அதுவும் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் என் வீட்டில் பேஸ்மெண்ட் மட்டத்தில், சுவருக்கு அடியில் பட்டையாக ஓடும் பெல்ட் கான்கிரீட் முழுச் சுற்றுக்கும் போடவைத்து, அதன் மேல் ஈரத் தடுப்புப் பூச்சும் போட்டேன். பேஸ்மெண்ட் உயரத்தையும் இன்றைய ரோட்டு மட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரோடு போடும் ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் ஏறுகிறது. மூன்றடி இருந்தால் நிம்மதி.

அடுத்து பாத்ரூம். மாடியில் பாத்ரூம் வருமானால், இதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளமாக இறக்கிப் போட்ட தளத்தில் வாட்டர்புரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தரைத் தண்ணீர் வெளியே போகும் நானி டிராப்பை அடைத்துவிட்டு நான்கு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். கூடவே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டு அதே அறையில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது ஆவியானது. வாளியை விடத் தரையில் அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. எங்கள் வீட்டில் வாளியில் ஒரு நூல் இறங்கியிருந்தது, தரையில் இரண்டு விரல். டிராப் குழாயைச் சுற்றி இருந்த இடுக்குதான் காரணம். அன்றைக்கு அதைச் சரிசெய்ய ஒரு கொத்தனாரின் அரை நாள் கூலி ஆனது. டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் முழு பாத்ரூமையும் உடைத்திருக்க வேண்டும்.

மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்தாலும் சரி, வெள்ளை நிற கூல் டைல்ஸ் ஒட்டினாலும் சரி, வாட்டம் சரியாக இருக்கிறதா என்று நீங்களே இரண்டு குடம் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கி நின்றால் அன்றே சொல்லிவிடுங்கள். மழைநீர்க் குழாயை 4 அங்குலத்தில் இரண்டு இடங்களில் இறக்குங்கள், ஒன்றில் இலை அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். அதைச் சாக்கடைக்கு விடாமல் தொட்டிக்கோ உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், 1,000 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் விழுகிறது. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த கோடையை நினைத்துக்கொண்டால் அதை வழியவிட மனது வராது.

ஏற்காட்டில் அப்பாவுடைய இடம் இருக்கிறது, அங்கேயும் பிறகு கட்டலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மலைப்பகுதிக்கு அனுமதி விதிகள் தனி, முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எல்லாப் பொருளும் போக வேண்டும் என்பதால் ஜல்லி, மணல் செலவும் கூடும். என் நாத்தனார் வீடு அங்கே சரிவில் இருக்கிறது. மண்ணைத் தாங்க எழுப்பிய கருங்கல் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விடாமல் கட்டிவிட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மண்ணை விட அதில் ஊறிய தண்ணீரின் அழுத்தம்தான் தள்ளியது. இடித்துக் கட்டும்போது ஐந்தடிக்கு ஒரு குழாய் வைத்து, பின்பக்கம் மண்ணுக்குப் பதில் ஜல்லி நிரப்பினார்கள். இப்போது மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் அந்தக் குழாய்களிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும், சுவர் அசையவில்லை. அங்கே பூச்சு காயவும் நாள் பிடிக்கும், ஈரச் சுவரில் பெயிண்ட் அடிக்க அவசரப்படக்கூடாது.

அப்புறம், பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரிலும் தண்ணீர்க் குழாய் போகும் வழியைப் பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்திலேயே தெரிய வேண்டும். போன மாதம் கீசர் மாட்ட வந்த பிளம்பர் என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பென்சிலால் சுவரில் ஒரு புள்ளி வைத்தார், குழாய்க்கு நான்கு அங்குலம் தள்ளி ஓட்டை போட்டு மாட்டிவிட்டுப் போனார்.