ரேங்க் வந்த பிறகு: மருத்துவ மாணவர்களின் கேள்விகளும் ஒரு நோயியல் பேராசிரியரின் பதில்களும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நோயியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளைச் சேர்ந்த மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீட் முதுநிலைத் தேர்வில் எந்த ரேங்குக்கு எந்தத் துறை கிடைக்கும் என்று கேட்டவர்களுக்குச் சென்ற ஆண்டுக் கலந்தாய்வுப் பட்டியலே போதும் என்பதால் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி மருத்துவர், மதுரை: மேடம், கதிரியக்கவியல் அல்லது தோல் மருத்துவம் எடு, நிம்மதியாக இருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு துறையை நினைக்கும்போது அதன் திருவிழா நாள்தான் நம் கண்முன் வருகிறது. அறுவை சிகிச்சை என்றால் உயிர் பிழைத்த விபத்து நோயாளி, குழந்தை மருத்துவம் என்றால் காய்ச்சல் தணிந்து சிரிக்கும் குழந்தை. ஆனால் நீங்கள் முப்பது ஆண்டுகள் செய்யப்போவது, விசேஷம் ஏதுமில்லாத ஒரு நாளின் மதிய நேர வேலையைத்தான். அது உங்களால் பொறுக்கக்கூடியதா என்று பாருங்கள்.

என் துறையில் அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட மார்பகமும் அதனோடு சேர்ந்த அக்குள் கொழுப்பும் ஃபார்மலினில் ஊறி எங்கள் மேசைக்கு வரும். அந்த மஞ்சள் கொழுப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துச் சிறிது சிறிதாக நசுக்கித் தடவி, பச்சைப்பயறு அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் ஒளிந்திருக்கும் நிணநீர்க் கணுக்களைத் தேடி எடுக்க வேண்டும். கண் எரியும், முதுகு வலிக்கும். ஆறு கணு கிடைத்ததும் போதும் என்று கையைக் கழுவிவிடத் தோன்றும். பத்துக்குக் குறையக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கணக்கு. ஏழாவது கணுவில் புற்று இருந்தால், அந்தப் பெண்ணுக்கு நோயின் நிலையும் சிகிச்சையும் மாறிவிடக்கூடும். அவர் முகத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். எனக்கு இந்த வேலை சலிக்கவில்லை. என்னுடன் சேர்ந்த தோழிக்கோ ஆறே மாதத்தில் மூச்சு முட்டியது. அவர் விலகி மயக்கவியலுக்குப் போனார், அங்கே நன்றாகவே இருந்தார்.

கதிரியக்கவியலுக்கும் இப்படி ஒரு மதியம் உண்டு. இருட்டறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களைப் படித்து எழுத வேண்டும்; கருவுற்ற ஒவ்வொரு பெண்ணின் ஸ்கேனுக்கும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் கேட்கும் எஃப் படிவம் பிழையின்றி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இரவு இரண்டு மணிக்கு வயிற்று வலி நோயாளிக்கு ஸ்கேன் செய்ய எழுந்து வர வேண்டும். இவையெல்லாம் உங்கள் கண்ணெதிரே நடக்கும் பயிற்சி ஆண்டில், கையெழுத்து வாங்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடிவிடுகிறீர்கள். மூன்றரை மணி நேரத்தில் 200 கேள்விகள் என்ற நீட் முதுநிலைத் தேர்வின் நெருக்கடி எனக்குப் புரியாததல்ல. ஆனாலும் நீங்கள் விரும்புவதாக நினைக்கும் இரண்டு துறைகளில் தலா மூன்று மதியங்களாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எம்.டி. நுண்ணுயிரியல், முதலாண்டு: கலந்தாய்வில் இதுதான் கிடைத்தது. "நோயாளியைத் தொடாத டாக்டர்" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஆய்வேட்டுக்கும் மூத்தவர்கள் ஒரு பழைய தலைப்பைக் கொடுத்து, ஆண்டை மாற்றி எழுதச் சொல்கிறார்கள்.

கேலி உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. மருத்துவமனையில் நேரடியாக நோயாளியைப் பார்க்காத துறைகளின் இடங்கள் ஆண்டுதோறும் காலியாகக் கிடப்பதும், 2023-இல் முதுநிலைக் கலந்தாய்வுக்கான தகுதிப் பெர்சென்டைலைப் பூஜ்ஜியம் வரை, அதாவது தேர்வு எழுதிய எல்லோருக்கும் தகுதி உண்டு என்னும் அளவுக்கு, இறக்க நேர்ந்ததும் அந்த மனப்பான்மையின் அளவைக் காட்டும். தனியாக கிளினிக் வைத்துச் சம்பாதிக்கும் வழி உங்கள் துறையில் குறைவு என்பது உண்மைதான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஆய்வேட்டைப் பற்றி மட்டும் உங்களோடு சற்று நேரம் பேச வேண்டும். 1985-இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்ட மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவிக்கு, அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு தலைப்பைச் சொன்னார்: தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று ரத்த மாதிரிகளில் தேடிப் பார்ப்பது. அது மேலைநாட்டு நோய், இங்கே வராது என்று படித்தவர்களே உறுதியாக நம்பியிருந்த காலம் அது. நிர்மலாவும் தயங்கியிருக்கிறார். பிறகு சென்னையில் பெண்களைத் தங்கவைத்திருந்த காப்பகம் ஒன்றுக்குப் போய் மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் நடத்திய ஆய்வகத்தில் எலைசா என்னும் ரத்தச் சோதனை உண்டு என்று தெரிந்ததும், ஐஸ் வைத்த பெட்டியோடு கணவரும் அவருமாக இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார்கள். 1986-இன் தொடக்கத்தில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதையே சொன்னது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை நாடு அறிந்துகொண்டது இப்படித்தான். அதற்கு அடிப்படையாக இருந்தது ஒரு எம்.டி. ஆய்வேடு. செய்தவர் பட்ட மேற்படிப்பு மாணவி.

உங்களுக்கும் அப்படி ஒன்று வாய்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை, பெரும்பாலும் வாய்க்காது. கவனிக்க வேண்டியது தலைப்பின் தன்மையை. விடை என்னவாக இருக்கும் என்று கேட்டவருக்கும் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது. ஆண்டை மாற்றி எழுதும் ஆய்வேட்டில் விடை முன்பே தெரிந்திருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் அதற்குச் செலவாகும் நேரம் வீண். உங்கள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் கிருமிகள் எந்த மருந்துகளுக்கு அடங்க மறுக்கின்றன, அந்த விவரம் வார்டுக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது, சேர்ந்தபின் யாராவது மருந்தை மாற்றுகிறார்களா? இந்த மூன்றாவது கேள்விக்கான விடை பல மருத்துவமனைகளில் ஒருவருக்கும் தெரியாது.

உதவி மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலையம், தர்மபுரி மாவட்டம்: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியாகச் சேர்ந்தேன். பணியில் இருப்போருக்கான ஒதுக்கீட்டில் பட்ட மேற்படிப்புக்குப் போகலாமா, பொது சுகாதாரத் துறையிலேயே இருக்கலாமா? இங்கே ஆராய்ச்சி செய்ய ஆய்வகம் எதுவும் இல்லை.

இரண்டுமே நல்ல வழிகள். அரசுப் பணியில் இருப்போருக்கு மாநிலங்கள் இடம் ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர்கள் தொடுத்த வழக்கு அது. மாநில இடங்களில் பாதி உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஆனால் படிப்பை முடித்தபின் எத்தனை ஆண்டு பணி செய்யக் கட்டுப்படுகிறீர்கள் என்பதைச் சேர்க்கைக்கான விளக்கக் குறிப்பேட்டில் வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பொது சுகாதாரப் பணியை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். இந்த மாநிலத்தில் மருத்துவக் கல்விக்கும், மருத்துவ ஊரக நலப்பணிகளுக்கும், பொது சுகாதாரத்துக்கும் தனித்தனி இயக்ககங்கள் உள்ளன. பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் 1939-லேயே இங்கு வந்துவிட்டது. கொசு ஒழிப்பையும் குடிநீர்க் குளோரினையும் முழுநேர வேலையாகப் பார்க்கும் அதிகாரிகள் இங்கே இருப்பது அந்த அமைப்பினால்தான்.

ஆய்வகம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தும் மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமும் இல்லாத நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் அந்த முடிவு வெளியான பின் உலகெங்கும் காசநோய்ச் சானடோரியங்கள் தேவையற்றுப் போகத் தொடங்கின. அந்த ஆய்வின் உயிர்நாடி வீடு வீடாகப் போய் மாத்திரையைச் சாப்பிட்டார்களா என்று பார்த்ததுதான். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் தினமும் செய்யும் வேலை அது. அவருடைய பதிவேட்டை ஒருநாள் முழுக்கப் புரட்டிப் பாருங்கள்.

பயிற்சி மருத்துவர், கோவை: பரிசோதனை முடிவுச் சீட்டுகள் வார்டுக்கு வராமல் தொலைந்துபோகின்றன. இதற்கு ஒரு செயலி உருவாக்கலாம் என்று நானும் பொறியியல் படிக்கும் நண்பரும் நினைக்கிறோம். யாரை அணுக வேண்டும்?

இப்போதைக்கு யாரையும் அணுக வேண்டாம். மூன்று நாள் காலையில் ஆய்வகச் சன்னலருகே நின்று, எந்தச் சீட்டு, யார் கையில், எந்த இடத்தில் தொலைகிறது என்று எண்ணுங்கள்.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், சில ரத்த மாதிரிகள் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோய் வந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்ட மாதிரியில் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருத்துவம் செய்தால் நோயாளிக்கு ஆபத்து. புதிய கருவி வாங்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினோம். இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் மட்டும், நிராகரித்த மாதிரிகளின் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்து வார்டு வாரியாகக் கோடு போட்டார். பெரும்பாலானவை ஒரே வார்டிலிருந்து, விடிகாலையில் எடுத்தவை. போய்ப் பார்த்தால், அங்கே ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சை அழுத்தி, ரத்தத்தைக் குழாய்க்குள் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஊசியைக் கழற்றிவிட்டுக் குழாயின் ஓரமாக மெல்ல விடுங்கள் என்று சொன்னதோடு சரியாயிற்று. கருவியும் வாங்கவில்லை, செயலியும் வேண்டியிருக்கவில்லை. அந்த மாணவர் அதையே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு இரண்டு மாத வேலையாக விரித்து எழுதினார். 1979 முதல் இளநிலை மாணவர்களுக்காகவே நடக்கும் திட்டம் அது. நீங்கள் எண்ணிப் பார்த்த பிறகும் செயலிதான் தீர்வு என்று பட்டால், துறைத்தலைவரிடம் அந்தக் கணக்கோடு போங்கள். நோயாளியின் பெயரோ எண்ணோ உங்கள் கைப்பேசியில் ஏறும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

மாணவர் ஒருவரின் தந்தை, சேலம்: மகனுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் கதிரியக்கவியல் இடம் வாங்க வீட்டை விற்கலாமா?

வேண்டாம். வீட்டை விற்றுப் படித்தவர் அந்தப் பணத்தை நோயாளியிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அவர் இன்னொரு முறை தேர்வு எழுதட்டும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர், திருச்சி: வயது 31, இரண்டு குழந்தைகள், ஐந்து ஆண்டு இடைவெளி. இனிப் பட்ட மேற்படிப்பு சாத்தியமா?

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லிப், அப்போது முப்பது வயதுக்காரர், மூன்று குழந்தைகளின் தாய். ஆகவே வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்களுக்கு உண்மையான தடை இரவுப் பணிதான். முதலாண்டில் வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் மருத்துவமனையில் இருக்க வேண்டிவரும்; அந்த இரவுகளில் குழந்தைகளோடு யார் இருப்பார் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று கணவர் சொல்வதைப் பதிலாக ஏற்காதீர்கள். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன்.

எம்.எஸ். மாணவர்: நான் செய்த ஆய்வில் எதுவுமே செய்யாத ஒருவரின் பெயரை முதலில் போடச் சொல்கிறார்கள்.

ஆய்வை வடிவமைத்ததிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவர் ஆசிரியர் என்பது மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதி. அடுத்த முறை வேலையைத் தொடங்கும் நாளிலேயே, யார் பெயர் எந்த வரிசையில் என்று ஒரு தாளில் எழுதி எல்லோருடைய கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். இந்த முறை, தேர்வு முடியும்வரை மோதாதீர்கள். கோழைத்தனமான அறிவுரைதான், ஆனால் உங்கள் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடப்போவது நான் அல்ல.

முதலாண்டு மாணவி, விழுப்புரம் மாவட்டம்: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தேன். வகுப்பில் பாதி புரியவில்லை. ஆங்கிலம் வராதவளுக்குப் பெரிய துறை எதுவும் கிடைக்காது என்று சொல்கிறார்கள்.

உடற்கூறியலின் முதல் மூன்று மாதங்கள் கான்வென்ட் மாணவர்களுக்கும் புரிவதில்லை. அவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டுவதில் பழக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். அந்தச் சொற்கள் ஆங்கிலமே அல்ல, லத்தீனும் கிரேக்கமும். எல்லோருக்கும் அவை புதியவை.

உங்களிடம் இருக்கும் ஒரு வசதி இரண்டாமாண்டில் வார்டுக்குப் போகும்போது தெரியும். "நெஞ்சைக் கரிக்குது", "அடிவயித்துல சுருக்குன்னு பிடிக்குது", "மேமூச்சு கீழ்மூச்சு வாங்குது" என்று நோயாளி சொல்லும்போது, மூன்றும் வெவ்வேறு நோய்களுக்கான வாசல் என்பது உங்களுக்கு உடனே பிடிபடும். நகரத்துப் பிள்ளைகள் சிலர் அந்த இடத்தில் விழித்துக்கொண்டு நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. ஒவ்வொரு நாளும் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அதை முதலில் உங்கள் தமிழில் யாருக்காவது சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள். பிழையைப் பார்க்க வேண்டாம். எழுதிய தாள்களை மாதம் ஒருமுறை துறையில் யாராவது ஓர் உதவிப் பேராசிரியரிடம் காட்டுங்கள். மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள்.