புலி பாக்க முடியுமா அண்ணாச்சி?

கேள்வி: லீவுக்கு வேன் புடிச்சு, கைடோட ஒரே நாள்ல மாஞ்சோலை, குதிரைவெட்டி வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கோம். சின்னவன் புலி பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். பாக்க முடியுமா அண்ணாச்சி?
– ஒரு அம்மா, பாளையங்கோட்டை

பதில்: மாஞ்சோலை இருக்க களக்காடு முண்டந்துறை 1988-லயே புலிகள் காப்பகம் ஆயிட்டு, அதனால புலி இல்லாம இல்லம்மா, ஆனா பத்தடிக்கு அங்கிட்டு என்ன நிக்குன்னே தெரியாத காடு அது. நான் எத்தனையோ வருஷமா ஏறி எறங்குதேன், புலித் தடம்னு ரெண்டு தடவை குதிச்சிருக்கேன், அதுலயும் ஒண்ணப் பாத்துட்டு கைடு சிரிச்சிட்டாரு. "நகம் பதிஞ்சிருக்கு பாருங்க சார், இது செந்நாய், புலி நகத்த உள்ள இழுத்துக்கிட்டுல்லா நடக்கும்"னாரு. போட்டோ எடுத்து சொந்தக்காரனுக்கெல்லாம் அனுப்பிட்டேன் அதுக்குள்ள!

சின்னவனுக்கு சோலைமந்திய காட்டுங்க, அதான் சிங்கவால் குரங்கு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. கறுப்பா எது தாவுனாலும் சோலைமந்தின்னு கத்தக்கூடாது, கருங்குரங்கும் அங்கனதான் இருக்கு. மூஞ்சிய சுத்தி நரைச்ச தாடி, வால் நுனில குஞ்சம், அதான் சோலைமந்தி. காக்காச்சி பக்கம் போனப்ப நாங்கல்லாம் கழுத்து வலிக்க மேல பாத்துட்டு நடந்தோம், கைடு மட்டும் தரையவே பாத்துட்டு வந்தாரு, திடீர்னு குனிஞ்சு ஒரு காய்த் தோட்டை எடுத்து என் கைல வச்சாரு, முள்ளு முள்ளா சின்னப் பலாக்கா மாதிரி, கடிச்ச இடம் இன்னும் ஈரமா இருந்துச்சு. வெடிப்பலாங்கற காட்டு மரத்துக் காய். சோலைமந்தி கொட்டைய தின்னுட்டு தோட்டை கீழ போட்டிருக்கு. அண்ணாந்து பாத்தா நேர் மேல உக்காந்திருக்கான் அய்யா! கைடு இல்லன்னா மிதிச்சிட்டுப் போயிருப்போம். வனத்துறை அனுமதிய மட்டும் முன்னாடியே வாங்கிருங்க, செக்போஸ்ட்ல போய் கெஞ்சுனா ஆவாது.

கேள்வி: ஊரே காயுற சித்திரைலயும் தாமிரபரணில தண்ணி ஓடுதே, எப்படி?
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஆத்தங்கரைல இருந்துக்கிட்டே கேக்கியளே! தாமிரபரணி பொறக்க பொதிகை மலைக்கு தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் உண்டு, மாஞ்சோலைக்கு மேல நாலுமுக்கு, ஊத்துன்னு இருக்க எஸ்டேட் பக்கம்லாம் மழை நாள்ல குடை புடிச்சும் பிரயோஜனம் இல்ல. அந்தத் தண்ணி அப்படியே ஓடிருச்சின்னா கார்த்திகையோட முடிஞ்சிரும். சோலைக்காட்டுல கால வச்சுப் பாருங்க, இலைச்சருகும் வேரும் மெத்தை மாதிரி அமுங்கும், அது குடிச்சு வச்சுக்கிட்டு கொஞ்சங்கொஞ்சமா ஓடைக்கு விடுது. மிச்சத்துக்கு காரையாறு, சேர்வலாறு அணை இருக்கு. குதிரைவெட்டில நின்னா ரெண்டையும் மேல இருந்து பாக்கலாம், மேகம் விட்டாத்தான்.

கேள்வி: அட்டை கடிக்குமாமே, பயமா இருக்கு.
– ஒரு மாணவி, வள்ளியூர்

பதில்: கடிக்கும் தாயி. வலிக்காது, அதான் சவத்தோட கெட்டிக்காரத்தனமே. எச்சில்ல ரத்தம் உறைய விடாத சரக்கு இருக்கதால, அது விழுந்த பொறவும் கொஞ்ச நேரம் வடியும், பதறாதிய. புடிச்சு இழுக்காம நகத்தால வாய்ப்பக்கத்த நெம்பி விட்டா வந்துரும். பேன்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க. நான் அப்படித்தான் சொருகிட்டு, ஒரு அட்டை இல்லன்னு பெருமையா வேன்ல ஏறுனேன், அம்பாசமுத்திரத்துல டீ குடிக்கும்போது காலர்ல இருந்து ஒண்ணு எட்டிப் பாக்கு.