சபையைக் கூட்டிணைத்தல்: சட்டம் தருவதும் தராததும்

கேள்வி: எங்கள் சிறிய கிறிஸ்தவ சபையை நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்க விரும்புகிறோம். 2003இல் கன்னியர் சபை ஒன்றுக்கு இது கிடைக்காமற்போனதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கும் கிடைக்காவிட்டால் ஆராதனை நடத்துவதே சட்டவிரோதமாகிவிடுமா? காணியை யார் பெயரில் வாங்குவது?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: ஆராதனைக்கும் கூட்டிணைப்புக்கும் தொடர்பில்லை. வழிபடும் உரிமையை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளே தருகின்றன. கூட்டிணைக்கப்பட்ட சபை தன் பெயரிலேயே காணி வாங்கலாம், வழக்காடலாம். உறுப்பினர்கள் மாறினாலும் மறைந்தாலும் அதன் சட்ட இருப்பு தொடரும். அவ்வளவுதான்.

நீங்கள் கேள்விப்பட்டது, சுவிட்சர்லாந்தின் மென்சிங்கனில் தோன்றி 1900 முதல் இலங்கையில் கல்விப் பணியும் தொண்டும் ஆற்றிவரும் திருச்சிலுவைக் கன்னியர் சபையின் விவகாரம். அவர்களுக்கான தனி உறுப்பினர் சட்டமூலத்தை (அரசாங்கமல்லாது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தனிப்பட முன்வைக்கும் சட்ட வரைவை)க் குடிமகன் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தார். மதம் பரப்புவதையும் வறியோருக்கு உதவுவதையும் ஒரே அமைப்பு நோக்கங்களாகக் கொண்டால், உதவி தேடி வருவோர் மதம் மாறத் தூண்டப்படலாம் என்று நீதிமன்றம் கருதியது; மதத்தைப் பரப்புவதை அரசியலமைப்பு அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை என்றும், சட்டமூலம் பௌத்தத்துக்கு முதன்மையிடம் தரும் 9ஆம் உறுப்புரைக்கு முரணானது என்றும் அது தீர்மானித்தது. அந்த உறுப்புரைக்கு முரணான சட்டமூலம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் பொதுவாக்கெடுப்பும் தேவை என்பதால், நடைமுறையில் கதவு அடைபட்டது. கன்னியர்களுக்கு அறிவித்தலே கொடுக்காமல், அவர்கள் தரப்பைக் கேட்காமல் இம்முடிவு எடுக்கப்பட்டது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

அவர்கள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டனர். இதே போன்ற நோக்கங்களுடன் வேறு மத அமைப்புகள் கூட்டிணைக்கப்பட்டிருக்கையில் இவர்களுக்கு மட்டும் மறுப்பது பாகுபாடு என்றும், மதச் சுதந்திரமும் மீறப்பட்டுள்ளது என்றும் குழு 2005இல் முடிவு கூறியது. ஆனால் அக்குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று சிங்கராசா என்பவர் தொடுத்த வேறொரு வழக்கில் உயர் நீதிமன்றம் 2006இல் தீர்த்ததால், அந்த வெற்றியால் உள்நாட்டில் பயன் விளையவில்லை.

ஆகவே, சட்டமூலம் கொண்டுவரத் துணிந்தால் அதன் நோக்கங்கள் பற்றிய வாசகத்தில்தான் கவனம் வேண்டும். மதப் பணியும் பொருளுதவியும் ஒன்றாகக் கோக்கப்பட்ட இடத்திலேயே ஆட்சேபம் எழுந்திருக்கிறது. உங்களைப் போன்ற சிறிய சபைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். நம்பிக்கைப் பொறுப்பு உறுதி (சபைக்காகச் சிலர் சொத்தைப் பொறுப்பேற்று வைத்திருப்பதற்கான சட்ட ஆவணம்) ஒன்றை எழுதி, பொறுப்பாளர்கள் பெயரில் காணியை வாங்கலாம். அல்லது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின்கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது உறுப்பினர்கள் தாம் உத்தரவாதம் தந்த தொகைக்கு மட்டுமே பொறுப்பாகும் கம்பனியாகப் பதிவு செய்யலாம். நம்பிக்கைப் பொறுப்பைத் தேர்ந்தால், பொறுப்பாளர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை யார், எப்படி நியமிப்பது என்பதை உறுதியிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். போதகரின் சொந்தப் பெயரில் மட்டும் காணியை எழுதாதீர்கள். எத்தனை நல்லவராக இருந்தாலும், அவருக்குப்பின் அவருடைய வாரிசுகள் அதற்கு உரிமை கோரலாம்.