பத்தாம் ஆண்டின் மின்கட்டணம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் வசிப்பது ஓர் ஆலையை நம்பி வளர்ந்த சிறு நகரத்தில். ஆலையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைத்தெருவில் பாதிக் கதவுகள் திறப்பதில்லை. படித்த பிள்ளைகள் வெளியேறுகிறார்கள், திரும்புவதில்லை. இந்த நிலையில் நகரமன்றம் பொதுப் பணத்தில் பெரிய நாடக அரங்கம் ஒன்றைக் கட்டப் போவதாக அறிவித்திருக்கிறது. அரங்கம் வந்தால் பயணிகள் வருவார்கள், கடைகள் திறக்கும், ஊர் எழுந்துவிடும் என்கிறார்கள். ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தைப் பாருங்கள், ஓர் அருங்காட்சியகம் வந்து ஊரே எழுந்துவிட்டது என்று படம் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்களோ, "மருத்துவமனையில் மருத்துவர் இல்லை, உங்களுக்கு நாடகம் கேட்கிறதா?" என்கிறார்கள்.

நான் நாடகத்தை நேசிப்பவன். ஆனாலும் கைதூக்கத் தயக்கமாக இருக்கிறது. எதிர்த்தால் கலையின் விரோதி, ஆதரித்தால் ஏழையின் வலி அறியாதவன். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். ஒரு கலையரங்கம் ஊரைக் காப்பாற்றுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பில்பாவோவை முதலில் ஒதுக்கிவிடுவோம். நலிந்த ஊரில் கட்டடம் எழுப்ப விரும்பும் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் அங்கே திறக்கப்பட்டதும் பயணிகள் குவிந்ததும் உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்த நகரில் மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. துறைமுகத்தை நகர நடுவிலிருந்து கடல்முகம் நோக்கி நகர்த்தினார்கள். ஆலைக் கழிவில் நாறிய ஆற்றைத் தூய்மைப்படுத்தப் பெரும்பணம் செலவிட்டார்கள். அந்த நகரம் இருக்கும், வரி வசூலில் தன்னாட்சி பெற்ற பாஸ்க் பகுதியின் அரசு பின்னால் நின்றது. புகைப்படத்தில் இவை எதுவும் விழுவதில்லை. மேலும், அது அருங்காட்சியகம். சுவரில் மாட்டிய ஓவியம் ஒவ்வொரு மாலையும் சம்பளம் கேட்பதில்லை. நடிகர் கேட்பார்.

உங்கள் ஊருக்கு நெருக்கமான உதாரணம் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு. அப்போது இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர், நீராவி ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பணிமனையை நம்பிப் பிழைத்தது. டீசல் எஞ்சின்கள் வந்ததும் பணிமனையின் காலம் முடியப்போவது தெரிந்துவிட்டது. டாம் பாட்டர்சன் என்ற பத்திரிகையாளர் அந்த ஊரிலேயே பிறந்தவர். ஊரின் பெயரும் அங்கே ஓடும் ஏவன் ஆற்றின் பெயரும் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரை நினைவூட்டுகின்றன என்பதைத் தவிர அவரிடம் வேறு முதலீடு கிடையாது. ஷேக்ஸ்பியர் நாடக விழா நடத்தலாம் என்றார். 1952இல் நகரமன்றம் அவருக்குக் கொடுத்தது 125 டாலர், நியூயார்க் போய் விஷயம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டுவர. அரங்கம் கட்ட அல்ல. இந்தத் தொகையை உங்கள் மன்ற உறுப்பினர்கள் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அவர் டைரோன் கத்ரி என்ற தேர்ந்த இயக்குநரைப் பிடித்தார். கத்ரி கேட்டது மூன்று பக்கமும் பார்வையாளர் சூழ்ந்திருக்கும் முன்னீட்டு மேடையை. தான்யா மொய்செவிச் அதை வடிவமைத்தார். நடுவில் பணம் தீர்ந்தபோதும் உள்ளூர் ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்தவில்லை. 1953 ஜூலையில், ஒரு பெரிய கூடாரத்துக்குள், நடிகர் அலெக் கின்னஸ் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக வந்து நின்றார். நான்கு கோடைகள் கூடாரத்திலேயே நடந்தன. நிரந்தர அரங்கம் எழுந்தது 1957இல். முதலில் ஆள், பிறகு நாடகம், அதன்பின் பார்வையாளர், கடைசியாகத்தான் சுவர். மேடை எப்படி இருக்க வேண்டும் என்பதை அதில் நாடகம் போடப் போகிறவர்கள் சொன்னார்கள், டெண்டர் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு, விழாவைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை. டொராண்டோ என்ற பெருநகரம் அங்கிருந்து சாலைவழி இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் என்ன இருக்கிறது? நாடகம் முடிந்த பின் திரும்பிப் போகக் கடைசி ரயில் இருக்கிறதா? பயணிகள் வருவார்கள் என்று சொல்பவரிடம் இதைக் கேளுங்கள்.

அடுத்து, எதிர்த்திசையில் நடந்த கதை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமை ஒட்டிய வெஸ்ட் பிராம்விச், தொழில்கள் தேய்ந்துபோன ஊர். அங்கே கட்டடக் கலைஞர் வில் ஆல்சப் வடிவமைப்பில் 'தி பப்ளிக்' என்ற கலை மையத்தை எழுப்பினார்கள். ஏழு கோடி பவுண்டுக்கு மேல் ஆனது. கட்டிக்கொண்டிருக்கும்போதே, 2006இல், அதை நடத்த வேண்டிய அமைப்பு நொடித்துப்போனது. 2008இல் திறந்து 2013 நவம்பரில் மூடினார்கள். கட்டடம் இப்போது மாணவர்கள் படிக்கும் கல்லூரி. யாரும் வராததால் மூடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூடும் நேரத்தில் ஊர் மக்கள் அதற்குப் பழகி, விரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். நகரமன்றத்தால் ஆண்டுதோறும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் மானியம் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கட்டுவதற்குப் பணம் கொடுக்க வெளியிலிருந்து பலர் வந்தார்கள். விளக்கெரியப் பணம் கொடுக்கும் பொறுப்பு கடைசியில் ஊர் தலையில் விழுந்தது. கட்டுமான மானியத்தின் இயல்பே அதுதான்: நாடா வெட்டும் படம் கிடைக்கும் செலவுக்கு ஆள் கிடைக்கும், கூரை ஒழுகினால் சரிசெய்யும் செலவுக்குக் கிடைக்காது.

நாடகத்துக்கு இந்தச் சுமை குறையப் போவதும் இல்லை. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1966லேயே இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் அதே வேலையைப் பாதி ஆட்கள் செய்துவிடுவார்கள். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பு எத்தனை பேர் தேவைப்பட்டார்களோ, ஏறத்தாழ அத்தனை பேர் இன்றும் தேவை. ஆனால் மற்றத் தொழில்களில் கூலி ஏற ஏற நடிகருக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே டிக்கெட் வருமானத்துக்கும் செலவுக்கும் இடையே உள்ள பள்ளம் ஆண்டுதோறும் அகலமாகும். அரங்கம் சில ஆண்டுகளில் 'தன் காலில் நிற்கும்' என்று திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால், அதை எழுதியவர் நாடகமும் அறியாதவர், கணக்கும் அறியாதவர்.

எதிர்ப்பவர்கள் பக்கமும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மருத்துவமனையா நாடகமா என்பது பெரும்பாலும் பொய்யான கேள்வி. கட்டடத்துக்கென்று ஒதுக்கும் மூலதன நிதியை மருத்துவரின் மாதச் சம்பளத்துக்குத் திருப்பப் பல இடங்களில் விதி இடம் கொடுப்பதில்லை. உங்கள் ஊரில் முடியுமா என்று விசாரியுங்கள். முடியும் என்றால் அவர்கள் வாதம் வலுவானது. முடியாது என்றால் அந்த முழக்கத்தைக் கைவிட்டுவிட்டு வேறு பேசலாம். அதைவிட எனக்கு எரிச்சல் தருவது அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணம். வேலை இழந்தவனுக்கு மாலைப்பொழுது கிடையாதா? நலிந்த ஊர்க்காரன் வயிறு மட்டும்தானா?

உண்மையில் கலைக்குப் பெரிய கேடு செய்பவர்கள் அதன் ஆதரவாளர்கள். அரங்கத்தை வேலைவாய்ப்புத் திட்டமாக விற்கிறார்கள். அப்படி விற்றால் அதை அப்படித்தான் அளப்பார்கள். ஐந்தாண்டு கழித்து, 'எத்தனை கடை திறந்தது?' என்று கேட்டுப் பூட்டுப் போடுவார்கள். நூலகத்திடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை, அது ஊருக்கு வேண்டும் என்று தெரியும், செலவு என்று தெரிந்தே செலவிடுகிறோம். நாடகத்துக்கும் அந்த நேர்மையோடு பணம் கேட்டால் நான் முதல் ஆளாகக் கைதூக்குவேன்.

கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949இல் அங்கே நீனாசம் என்ற நாடக அமைப்பைத் தொடங்கினார்கள். நாடகம் போட்டார்கள், பின்னாளில் திரைப்படச் சங்கம் நடத்தினார்கள். அவர்களுக்கென்று அரங்கம் வந்தது 1972இல். 1980இல் நாடகப் பள்ளி, 1985இல் ஊர் ஊராகச் செல்லும் 'திருகாட்ட' குழு. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது. யாரும் அதைச் சுற்றுலாத் தலமாக்கத் திட்டமிடவில்லை. நாட்டின் பல பகுதிகளிலிருந்து இளைஞர்கள் அங்கே நாடகம் கற்கப் போகிறார்கள், ஏனென்றால் அங்கே கற்க ஏதோ இருக்கிறது.

ஆகவே பொதுக்கூட்டத்தில் ஆதரவா எதிர்ப்பா என்று தொடங்காதீர்கள். பத்தாம் ஆண்டின் வரவுசெலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். மின்கட்டணம், பராமரிப்பு, ஆட்களின் சம்பளம், அதை எந்தத் தலைப்பிலிருந்து யார் கொடுப்பார்கள் என்ற உறுதி. மழைக்கால வாரநாள் ஒன்றில் அந்த மேடையில் நிற்கப் போவது யார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் தயங்காமல் கைதூக்குங்கள். இல்லையென்றால், மூடிக்கிடக்கும் ஆலையில் ஒரு கூடத்தைச் சீர்படுத்தித் தரச் சொல்லுங்கள். நல்ல இயக்குநர் ஒருவருக்கும் சிறு குழுவுக்கும் ஐந்தாண்டுச் சம்பளம் உறுதி செய்யச் சொல்லுங்கள். கட்டடச் செலவில் அது ஒரு மூலைக்கும் வராது. கூடம் நிறைந்து வழிந்தால் அரங்கத்தைப் பற்றி அப்போது பேசலாம். நிறையாவிட்டால் உங்கள் ஊருக்குக் கடன் மிஞ்சாது.

கூட்டத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். நகரமன்றம் தரும் திட்ட அறிக்கை கிடைத்தால் அதையும் அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்.