கிடாவின் கண்விழி ஆடுகிறது, சுவரில் முட்டுகிறது

கேள்வி: பக்ரீத்துக்காக வளர்க்கும் வெள்ளாட்டுக் கிடா, 20 கிலோ இருக்கும். எடை ஏறட்டும் என்று சில நாளாக மக்காச்சோளமும் ரேஷன் அரிசியும் கூட்டிப் போட்டேன். நேற்று மாலையிலிருந்து தலையை மேலே தூக்கியபடியே நிற்கிறது, சுவரில் முட்டுகிறது. இரண்டு கருவிழியும் பக்கவாட்டில் விடாமல் ஆடுகின்றன. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாமா?

பதில்: சொட்டு மருந்து வேண்டாம். கோளாறு மூளையில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளையும் தீவனத்தையும் சேர்த்துப் பார்த்தால், தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைந்து மூளை வீங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். ஆட்டுக்கு வேண்டிய தயமினை அதன் பெருவயிற்று நுண்ணுயிர்களே உண்டாக்கிவிடும். தானியம் திடீரென்று கூடினால் வயிறு புளித்து, தயமினை அழிக்கிற நுண்ணுயிர்கள் பெருகிவிடுகின்றன.

ஒரு சோதனை செய்யுங்கள். காற்று படாமல் கையைக் கண்ணருகே கொண்டுபோனால் இமைக்காது. ஆனால் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும். இப்படி இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் தயமின், அதாவது உங்கள் கிடாவுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம். முதல் ஊசியை மருத்துவர் நரம்பில் மெதுவாகப் போடுவார், முதல் நாளில் சில மணி நேர இடைவெளியில் திரும்பவும் போட வேண்டியிருக்கும். சாதாரண பி காம்ப்ளெக்ஸ் ஊசியில் தயமின் குறைவாக இருக்கலாம், பாட்டிலில் அளவைப் பாருங்கள். சீக்கிரம் போட்டால் ஒரு நாளுக்குள்ளேயே தேறுவது தெரியும். தள்ளிப்போட்டால் உயிர் பிழைத்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

அதுவரை வாயில் கஞ்சியோ எண்ணெயோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நிழலில் வைக்கோல் பரப்பி, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள்.

சில விஷயங்களை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு பக்கக் காது தொங்குகிறதா, ஒரே பக்கமாகச் சுற்றுகிறதா? அப்படியானால் லிஸ்டீரியா கிருமியாக இருக்கலாம், மருந்து வேறு. ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுத்தீர்களா? அது தயமினுக்கு எதிராக வேலை செய்யும். துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? எல்லாவற்றையும்விட முக்கியம், நாய் ஏதும் கடித்ததா? வெறிநோயிலும் இதுபோன்ற அறிகுறிகள் வரும். அதனால் மருத்துவர் பார்க்கும்வரை வாய்க்குள் கை விடாதீர்கள், எச்சில் படாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற ஆடுகளுக்கும் அதே தீவனம்தானே? தானியத்தை இன்றே நிறுத்தி, வேலிமசாலும் சோளத்தட்டும் போடுங்கள். அப்புறம் தானியம் கொடுப்பதாக இருந்தால் ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.