பதில்: மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தியும் கட்டுரை மூன்றாகவே வருகிறது

அறிவியல், புவியியல், கணக்கு ஆசிரியர்கள் மூவரும் சேர்ந்து கூட்டுப் பாடமாக நடத்தியும், மாணவர்களின் கட்டுரை மூன்று துண்டாகவே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். தலைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கொடுங்கள். ‘தானே புயல்’ என்று தலைப்பு மட்டும் தந்ததால்தான், உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அறிவியல், புவியியல், கணக்கு என மூன்று தனிக் கட்டுரைகளை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

‘2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அப்புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த ஒரு பலா மரத்தின் இழப்பை எப்படி மதிப்பிடுவது?’ என்று கேளுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் மரத்தின் மீதான விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதை அறிவியலும், புயல் ஏன் இக்கரைக்கு வந்தது என்பதைப் புவியியலும், புதிய கன்று காய்க்கும்வரை வராமல் போகும் வருமானத்தைக் கணக்கும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பழம் வெட்டினார்கள், என்ன விலைக்குப் போனது என்று மரத்தை இழந்த வீட்டுப் பெரியவரிடம் மாணவர்களே கேட்டு எழுதி வரட்டும்.

விடைத்தாளில் ஒரு பாடத்தின் பகுதியைக் கையால் மறைத்துப் படியுங்கள். அப்போதும் விடை குறையின்றி நின்றால், கேள்வியைத் திருத்த வேண்டும்.

ஆனால் விசை, சதவீதம் போன்ற அடிப்படைகளை அந்தந்த ஆசிரியர் முன்னதாகவே தனி வகுப்பில் நடத்தி முடித்திருக்க வேண்டும். கூட்டுப் பாடம் அதற்கு ஈடாகாது.